ஒன்றரை வருடம் விட்டுத் திரும்ப ஜிம்: கார்டியோ எவ்வளவு, வெயிட் எவ்வளவு?

கோவை_கிழக்கு:

வணக்கம். வயது 39, உயரம் 172 செ.மீ., எடை 86 கிலோ, தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 101 செ.மீ. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஒன்றரை வருடமாக ஜிம் பக்கம் போகவில்லை. அதற்கு முன் ஸ்குவாட் 90, பெஞ்ச் 65, டெட்லிஃப்ட் 120 கிலோ, எல்லாம் ஐந்து ரெப் (நிறுத்தாமல் ஐந்து முறை). அப்போது உடல் எடை 76.

இப்போது இரண்டு வாரமாகத் திரும்பப் போகிறேன், வாரத்துக்கு ஆறு நாள். நுழைந்ததும் ட்ரெட்மில்லில் 45 நிமிடம் ஓட்டம். அதன்பிறகு மாஸ்டர் சொல்கிறபடி நாளுக்கு ஒரு பாகம்: செஸ்ட், முதுகு, தோள், கை, கால். ராத்திரி சாதத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உள் ஓரத்தில் வலி வேறு. ஸ்குவாட்டில் 60 கிலோவுக்கே கால் நடுங்குகிறது.

தொப்பை குறைய வேண்டும், பழைய பலமும் வேண்டும். கார்டியோ முதலிலா, வெயிட் முதலிலா? எதற்கு எத்தனை நாள்?

பளுக்கல்:

முதலில் அந்த ஒரு கிலோ. அது கொழுப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும்; சாதத்தைக் குறைத்துவிட்டுத் தினமும் ஓடுகிறவருக்கு இரண்டு வாரத்தில் அவ்வளவு மிஞ்சாது. விட்டுப்போன தசை மறுபடி வேலை செய்யத் தொடங்கியதும் கிளைகோஜனை, அதாவது தசையில் சேமிப்பாகக் கிடக்கும் மாவுச்சத்தை, சேமிக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேர்ந்து உட்காரும். பழக்கமில்லாத வேலையால் தசையில் நுண்ணிய சேதம், அதன் வீக்கத்துக்கும் தண்ணீர். கிரியேட்டின் (பலத்துக்காக எடுக்கும் பொடி) எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் இது அடங்கிவிடும். அதுவரை தராசைப் பார்த்துச் சாப்பாட்டை மேலும் வெட்டாதீர்கள்.

கால் நடுங்குவதற்குக் காரணம் வயதும் இல்லை, ஒன்றரை வருடமும் மட்டும் இல்லை. 45 நிமிடம் ஓடித் தீர்ந்த காலை வைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்கிறீர்கள். ஒரே நேரத்தில் இரண்டும் செய்வதானால் வெயிட் முதலில், கார்டியோ பிறகு. சோர்ந்த காலோடு நடக்கலாம், நடை கெடாது. சோர்ந்த காலோடு ஸ்குவாட் செய்தால் முதுகு வளையும். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஆறு மணி நேரமாவது பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டாலும் கவலை இல்லை.

எதற்கு எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்க ஒரு விஷயத்தைப் பார்த்தால் போதும். கார்டியோ செலவழிக்கிற கலோரியை வேறு வழியிலும் ஈடு செய்யலாம்: ஒரு கரண்டி எண்ணெய் குறைத்தால் முடிந்தது. ஆனால் கலோரி குறைவாக இருக்கும்போது உடல் கொழுப்பிலிருந்தும் எடுக்கும், தசையிலிருந்தும் எடுக்கும். இந்தத் தசை தேவைப்படுகிறது என்று உடலுக்குத் தெரிவது பளு ஏறும்போதுதான். அதற்கு மாற்று கிடையாது. அதனால் வாரம் மூன்று நாள் வெயிட் என்பதை முதலில் காலண்டரில் குறியுங்கள். மற்றது எல்லாம் மீதி இடத்தில்.

நாளுக்கு ஒரு பாகம் என்பதை விட்டுவிடுங்கள். இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் செஸ்டுக்கு பதினைந்து செட் (ஓய்வெடுக்காமல் செய்யும் ரெப்கள் ஒரு செட்) போட்டால் நான்கு நாள் கையைத் தூக்க முடியாது, அந்தத் தசைக்கு அடுத்த வேலை ஒரு வாரம் கழித்துத்தான். முழு உடலுக்கும் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியல், மாறி மாறி.

ஒன்றாம் பட்டியல்: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ, பிளாங்க்.
இரண்டாம் பட்டியல்: டெட்லிஃப்ட், டம்பெல் ஷோல்டர் பிரஸ், லேட் புல்டவுன், லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது).

முதல் வாரம் ஒவ்வொன்றும் இரண்டு செட், எட்டு ரெப். இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று செட். பழைய எடையில் சரிபாதியில் தொடங்குங்கள்: ஸ்குவாட் 45, பெஞ்ச் 32.5, டெட்லிஃப்ட் 60. லேசாக இருக்கும், இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கால் பயிற்சிக்கு 5 கிலோ, மேலுடம்புக்கு 2.5 கிலோ ஏற்றுங்கள். பழையதில் 80 சதவீதம் வந்ததும் (ஸ்குவாட் 72 பக்கம்) வாரம் ஒருமுறை 2.5 கிலோ போதும். இன்னும் இரண்டு ரெப் போகும் என்ற நிலையில் செட்டை நிறுத்த வேண்டும். ஸ்குவாட், டெட்லிஃப்ட் செட்டுகளுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு, மற்றவற்றுக்கு 90 விநாடி.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்பீர்கள். முன்பு இருந்த தசை, புதிதாகச் சேர்க்கிற தசையைவிட வேகமாகத் திரும்பி வரும். தசைநாணும் எலும்பும் அந்த வேகத்துக்கு வராது. மூன்றாம் வாரத்தில் தசை "80 போடு" என்று சொல்லும். கேட்டால் ஆறாம் வாரத்தில் முழங்கை, இடுப்பு, முழங்கால் ஏதாவது ஒன்று பதில் சொல்லும்.

ஜிம் பற்றி இரண்டு சின்ன விஷயம். நம்ம ஊர் ஜிம்களில் எல்லா ராடும் 20 கிலோ இல்லை. சின்ன ராடுகள் பத்துக்கும் குறைவாக இருக்கும். ஒருமுறை எடை பார்க்கும் மெஷினில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய நோட்டில் இருக்கிற எண்ணுக்கு அர்த்தமில்லை. இன்னொன்று, டெட்லிஃப்டுக்கு 10 கிலோ இரும்பு பிளேட் மாட்டினால் ராடு தரைக்கு மிக அருகில் கிடக்கும். முழு அளவு பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; அப்போது ராடு தரையிலிருந்து 22 செ.மீ. சொச்சம் மேலே நிற்கும். அந்த உயரம் வரும்வரை இரண்டு பக்கமும் கீழே பிளேட்டைப் படுக்கவைத்து அடுக்குங்கள். திரும்பி வருகிறவர்களுக்கு டெட்லிஃப்டில் முதுகு பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தாழ்ந்த ராடுதான் என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு வாரத்தில் வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை உச்சத்தில் இருக்கும். அது சகஜம். ஆனால் தசை கல் மாதிரி வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. நெடுநாள் விட்டு வந்து முதல் நாளே நூற்றுக்கணக்கில் தண்டால், பஸ்கி எடுப்பவர்களுக்கு, அதுவும் வெயில் காலத்தில், வருவதுண்டு.

காலைநடை:

வெயிட்டைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது, நான் காலைப் பற்றிப் பேசுகிறேன்.

ஓட்டத்தை இன்றோடு நிறுத்துங்கள் சகோ. நீங்கள் சொல்கிற இடத்தில் வலி வருவது, எலும்பைச் சுற்றிய உறை திடீர்ச் சுமையைத் தாங்காததால். 76 கிலோவில் ஓடிய கால் இப்போது பத்து கிலோ கூடுதலாகச் சுமந்து, அதுவும் நாள் தவறாமல் ஓடுகிறது. விரலால் எலும்பின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் இரண்டு வாரம் ஓட்டமில்லாமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரே புள்ளியில், காசு அளவு இடத்தில் சுரீர் என்றால், அல்லது படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் நடைகூட வேண்டாம்.

பரவலான வலிதான் என்றால் இந்த இரண்டு வாரமும் நின்ற இடத்துச் சைக்கிள். சீட் உயரம், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிற அளவு. வலி போனதும் ட்ரெட்மில்லில் ஏற்ற நடை. படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி, 15 வீதம் மூன்று செட், வாரம் மூன்று நாள் சேருங்கள்.

ஏற்ற நடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மணிக்கு 5.2 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் 45 நிமிடம் நடந்தால், உங்கள் எடைக்கு, சும்மா உட்கார்ந்திருப்பதைவிட 160 கலோரி பக்கம் கூடுதலாகச் செலவாகும். அதே வேகத்தில் 6 சதவீத ஏற்றம் வைத்தால் 330 பக்கம். 8 கி.மீ. வேக ஓட்டம் என்றால் 500 வரும், உண்மைதான். ஆனால் ஓட்டம் ஒவ்வொரு அடியிலும் காலை அடிக்கிறது, அடுத்த நாள் ஸ்குவாட்டைத் தின்கிறது. நடை இரண்டையும் செய்யாது.

கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். 10 சதவீத ஏற்றம் வைத்து, கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்கிக்கொண்டு நடப்பவரை எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம். அவர் ஏற்றம் ஏறவில்லை. பிடிக்காமல் நடக்க முடியாவிட்டால் ஏற்றத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். 2 சதவீதத்தில் தொடங்கி வாரம் ஒரு சதவீதம் ஏற்றினால் போதும். திரையில் வரும் கலோரியை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிட வேண்டாம். பல மெஷின்கள் சும்மா இருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியையும் சேர்த்துத்தான் காட்டும்.

வேகம் சரிதானா என்பதற்கு அளவு: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைக்கடிகாரம் இருந்தால் 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். உங்களுக்கு 181 வரும், அதுதான் உச்ச நாடித்துடிப்பு. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 109லிருந்து 127 வரை. இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். பேச்சுச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

அளவு: வெயிட் நாட்களில் முடித்த பிறகு 15 நிமிடம், செவ்வாய், வியாழன், சனி 40 நிமிடம். மொத்தம் வாரம் 165 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 முதல் 300 நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. ஞாயிறு ஓய்வு. இதில் வாரத்துக்கு 1,200 கலோரி போகும். கொழுப்பாகக் கணக்குப் பார்த்தால் 150 கிராம் சொச்சம்தான்! கார்டியோவை மட்டும் நம்பினால் ஏன் நடக்காது என்பது இந்த எண்ணிலேயே இருக்கிறது.

ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு ஆசைப்பட்டால் சனிக்கிழமை நடைக்குப் பதில் சைக்கிளில் 20 விநாடி முழு மூச்சு, 100 விநாடி மெதுவாக, இப்படி ஆறு முறை. வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், வலி போய் இரண்டு வாரம் ஆன பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுச் சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

வெறும்வயிறு_வேலு:

இரண்டு பேரும் நல்லாச் சொல்றீங்க, ஆனா எனக்கு ஒரு சந்தேகம். முதல் 20 நிமிஷம் உடம்பு சர்க்கரையைத்தான் எரிக்கும், அதுக்கப்புறம்தான் கொழுப்புன்னு எங்க மாஸ்டர் சொல்வார். அதனாலதான் காலைல வெறும் வயித்துல 45 நிமிஷம் ஓடச் சொல்றாங்க. கார்டியோவும் வெயிட்டும் சேர்த்துப் பண்ணா தசை வளராதுன்னும் கேள்விப்பட்டேன். இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டு ஓடினா தொப்பை சீக்கிரம் குறையுமா?

பளுக்கல்:

வேலு தம்பி, முதல் நிமிடத்திலிருந்தே இரண்டும் சேர்ந்துதான் எரிகின்றன. நேரம் போகப் போக விகிதம் மாறும், உண்மை. வெறும் வயிற்றில் கொழுப்பின் பங்கு கூடும், அதுவும் உண்மை. ஆனால் காலையில் கொழுப்பைக் கூடுதலாக எரித்தால் மீதி நாள் முழுக்க உடல் குறைவாக எரித்துச் சரிசெய்துகொள்ளும். நாள் முழுக்க எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்பதில்தான் முடிவு. வெறும் வயிற்றில் நடக்கப் பிடித்தால் நடக்கலாம். வெயிட்டை மட்டும் வெறும் வயிற்றில் தொடாதே. ஒரு வாழைப்பழம், காபி, அரை மணி நேரம்.

தசை வளராது என்ற பயத்துக்கு ஒரு பழைய ஆய்வுதான் மூலம். 1980இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்டது. பத்து வாரம் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு முதலில் பலம் ஏறியது, கடைசி வாரங்களில் தேங்கிச் சரிந்தது. இதைச் சொல்பவர்கள் அளவைச் சொல்வதில்லை. வெயிட் வாரம் ஐந்து நாள், கடுமையான சைக்கிளும் ஓட்டமும் வாரம் ஆறு நாள்! அந்த அளவுக்கு யார் இங்கே செய்கிறார்கள்? வாரம் மூன்று மணி நேரத்துக்குள் நடையும் சைக்கிளும் என்றால் குறுக்கே வருவது சொற்பம். ஓட்டம்தான் கால் பலத்தை அதிகம் பாதிக்கும்.

பெல்ட்: வியர்வை மட்டும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். எந்த இடத்தில் முதலில் கொழுப்புக் குறையும் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சாம்பார்_கணக்கு:

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் வயது, உயரம், எடைக்குச் சும்மா படுத்திருந்தாலே 1,745 கலோரி போகிறது (மிஃப்லின் என்ற சூத்திரப்படி). வேலையும் பயிற்சியும் சேர்த்து 2,400 என்று வைத்துக்கொள்ளலாம். 1,900லிருந்து 2,000 சாப்பிட்டால் வாரத்துக்கு 400 கிராம் பக்கம் குறையும். இதற்குக் கீழே இறங்காதீர்கள், ஸ்குவாட் செத்துவிடும்.

ராத்திரி சாதத்தை நிறுத்தியது பற்றி: சாதம் குற்றவாளி இல்லை. வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரிதான். அதற்குப் பதில் மூன்று தோசை, தோசைக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய் என்று போனால் கூடத்தான் செய்யும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 முதல் 45 கலோரி. உங்கள் வீட்டு எண்ணெயை அளக்கச் சுலபமான வழி உண்டு: மாதம் எத்தனை லிட்டர் பாக்கெட் வாங்குகிறீர்கள், எத்தனை பேர்? நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது மாதம் 8,200 கலோரி, நாளைக்கு 270. வீட்டுக்கே மூன்று லிட்டராக்கினால் ஆளுக்கு நாளைக்கு 70 குறைகிறது, யாருக்கும் பசிக்காது. ஒரு நாள் பரோட்டாக் கடைக்குப் போனால் இது அம்பேல். ஒரு பரோட்டா 250லிருந்து 300 வரும், யாரும் ஒன்றோடு எழுந்திருப்பதில்லை.

புரதம்தான் நம் தட்டில் குறை. 172 செ.மீ. உயரத்துக்கு 74, 75 கிலோவை இலக்காக வைத்து, கிலோவுக்கு 1.6லிருந்து 1.8 கிராம் என்றால் 120 முதல் 135 கிராம். ஒரு நாள் இப்படிப் போகலாம்:

காலை: மூன்று இட்லி, ஒரு கப் சாம்பார், இரண்டு முழு முட்டை, இரண்டு வெள்ளைக்கரு. சுமார் 445 கலோரி, 30 கிராம் புரதம்.
மதியம்: 200 கிராம் சாதம், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சை எடையில் 150 கிராம், இரண்டு டீஸ்பூன் எண்ணெய்க்குள், ஒரு பொரியல், மோர். 620 கலோரி, 41 கிராம்.
மாலை: கொண்டைக்கடலைச் சுண்டல் 150 கிராம். 245 கலோரி, 13 கிராம். தேங்காய் ஒரு சிட்டிகை, கைப்பிடி இல்லை.
இரவு: இரண்டு சப்பாத்தி, உலர் எடையில் 40 கிராம் மீல் மேக்கர் போட்ட குழம்பு, 200 கிராம் தயிர். 540 கலோரி, 33 கிராம்.

சர்க்கரை இல்லாத பால் காபி ஒன்றும் சேர்த்து 1,900 கலோரி, 119 கிராம். சைவம் என்றால் முட்டைக்கும் கோழிக்கும் பதில் பன்னீர் போடலாம், ஆனால் 100 கிராம் பன்னீரில் 18 கிராம் புரதம்தான், கலோரி 265க்கு மேல். அங்கே ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) கணக்குக்கு உதவும். "பருப்புச் சாப்பிடுகிறேனே" என்பவர்களுக்கு: ஒரு கப் சாம்பாரில் ஐந்து கிராம்தான் வரும், பருப்பைவிடத் தண்ணீர்தான் அதில் அதிகம்.

மாடிப்படி:

இதே கேள்விதான் எனக்கும், ஆனால் ஜிம் கிடையாது. வயது 46, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். இரண்டு வருடமாக எதுவும் செய்யவில்லை. வீட்டில் ஐந்து கிலோ டம்பெல் ஒரு ஜோடி இருக்கிறது. நடை மட்டும் போதுமா அண்ணா?

மருந்துச்சீட்டு:

போதாது அக்கா, உங்களுக்குத் தசைப் பயிற்சி இன்னும் முக்கியம். சாப்பிட்ட சர்க்கரையைப் பெரும்பங்கு உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான்.

முதலில் மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகவும் தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு, இன்சுலின் அப்படி இல்லை. தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை குறையக் குறைய அளவை மாற்ற வேண்டி வரும். பயிற்சிக்கு முன் குத்திப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரவில் தாழ்வதும் உண்டு, அதனால் முதல் சில வாரம் மாலைப் பயிற்சி வேண்டாம். கண் விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு இருப்பதாகச் சொல்லியிருந்தால் மூச்சைப் பிடித்துத் தூக்குகிற எதையும் கண் மருத்துவர் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. பாதம் மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

பயிற்சி, வாரம் மூன்று நாள், 25 நிமிடம்: ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையில் கையூன்றித் தண்டால், ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி மறு கையால் டம்பெல்லை இடுப்புவரை இழுப்பது, இரண்டு டம்பெல்லையும் பிடித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது. பத்து வீதம் இரண்டு செட். 15 சுலபமாக வந்ததும் இறங்குவதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சுலபமானால் பைக்குள் அரிசியை வைத்து எடையைக் கூட்டுங்கள். நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும், டைல்ஸ் தரையில் வழுக்கும்.

நடையை ஒரே மூச்சில் 40 நிமிடம் என்று வைக்காமல் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 12, 15 நிமிடமாகப் பிரித்துப் பாருங்கள். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையின் உச்சத்தை அது நன்றாகக் குறைக்கும். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாடித்துடிப்புக் கணக்கை விட்டுவிடுங்கள். அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாது. பேச்சுச் சோதனைதான்.

கோவை_கிழக்கு:

எல்லோருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், வலி பரவலாகத்தான் இருக்கிறது, சைக்கிளுக்கு மாறுகிறேன். கடைசியாக ஒன்று: குறைவது கொழுப்பா தசையா என்று எப்படித் தெரியும்? ஜிம்மில் காலை வைத்து நின்றால் கொழுப்புச் சதவீதம் சொல்லும் மெஷின் இருக்கிறது. எப்போது எதை மாற்றுவது?

பளுக்கல்:

அந்த மெஷின் உடம்பில் இருக்கிற தண்ணீரைப் பொறுத்து எண்ணை மாற்றும். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று, வியர்த்துவிட்டு ஏறினால் இன்னொன்று. பொழுதுபோக்குக்குப் பாருங்கள்.

மூன்று எண் போதும். காலையில் கழிப்பறை போய்வந்த பின், எதுவும் குடிக்காமல் எடை. தினமும் எழுதி ஏழு நாள் சராசரி மட்டும் பாருங்கள். வாரம் ஒருமுறை, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தொப்புள் மட்டத்தில் சுற்றளவு. மூன்றாவது, ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் நோட்டு. சுற்றளவு குறைந்து நோட்டில் எண் ஏறினால், தராசு அசையாவிட்டாலும் சரியாகத்தான் போகிறது. திரும்பி வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் இப்படி நடப்பது சகஜம். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை, உங்களுக்கு 11 செ.மீ. இறங்க வேண்டும்.

முதல் நான்கு வாரம் எதையும் மாற்றாதீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தொடர்ந்து சராசரியும் அசையவில்லை, சுற்றளவும் அசையவில்லை என்றால் ஏதாவது ஒன்று மட்டும்: சாப்பாட்டில் 150 கலோரி குறைக்கலாம், அல்லது செவ்வாய், வியாழன், சனி நடையை 60 நிமிடமாக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த தேக்கத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

மறுபக்கம், வாரத்துக்கு 850 கிராமுக்கு மேல் இறங்கி, ஸ்குவாட்டும் இரண்டு வாரமாகச் சரிந்தால் தசை போகிறது. அப்போது முதலில் தூக்கத்தைப் பாருங்கள், ஏழு மணி நேரம் வருகிறதா என்று. வந்தால் சாப்பாட்டில் 200 கலோரி கூட்டுங்கள், வெயிட்டுக்குப் பிந்தைய 15 நிமிடத்தை எடுத்துவிடுங்கள். ராடில் இருக்கிற எடையைக் குறைப்பது கடைசி. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சோர்வு வந்ததும் எடையைக் குறைத்து ரெப்பைக் கூட்டி, அதற்கு "கட்டிங்" (கொழுப்பைக் குறைக்கும் கட்டம்) என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

எட்டாம் வாரம் ஒருமுறை செட்டுகளை மூன்றிலிருந்து இரண்டாக்குங்கள், எடையை அப்படியே வைத்துக்கொண்டு. வெளியூர் போய் ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட எடையிலேயே தொடரலாம். மூன்று வாரம் போனால் 10 சதவீதம் இறக்கி ஆரம்பியுங்கள்.

மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தால், "டாக்டர் ஓடக் கூடாதுன்னு சொல்லிட்டார்" என்றால் ட்ரெட்மில் பிரச்சினை தீரும். செஸ்ட் டே விஷயத்தில் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும்.